விளக்கும் ஏடும்: பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வரலாறு

பெரியோர் சிலர் ஒரே ஓர் உருவத்தால் மக்கள் உள்ளத்தில் நிலைபெற்றுவிடுகின்றனர். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? நள்ளிரவில், நோயாளிகள் வரிசை வரிசையாய்க் கிடக்கும் நெடுங்கூடத்தில், கையில் விளக்கேந்தி நடக்கும் ஒரு மாதின் உருவமே. சிறு வகுப்புப் பாடநூல்களில் நாம் யாவரும் அவ்வுருவைக் கண்டுளோம். அது பொய்யுருவன்று. ஆயினும் அவர் விளக்கேந்தி நடந்த காலம் இரண்டாண்டுக்கும் குறைவு. பேனா ஏந்தி உழைத்த காலமோ நாற்பதாண்டுக்கும் அதிகம். அந்நெடிய உழைப்பில் ஒரு பெரும்பகுதி நம் நாட்டு மக்களின் உயிரைப் பற்றியது. பலரும் அறியாத அப்பகுதியைச் சிறிது விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்சார ரயிலில் நம் மாணவர் பலர் பரங்கிமலையையும் பல்லாவரத்தையும் நாள்தோறும் கடக்கின்றனர். 19 ஆம் நூற்றாண்டில் இவ்விரண்டும் பட்டாளங்கள் தங்கிய ஊர்கள். பரங்கிமலை சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாய் விளங்கிற்று. கடல் கடந்து வந்த வெள்ளைச் சிப்பாய்கள் பலர், போர்க்களத்தைக் கண்ணாலும் காணாமல், காய்ச்சலாலும் சீதபேதியாலும் வாந்திபேதியாலும் இத்தகைய ஊர்களில் மாண்டு மண்ணாயினர். அவர்க்கேனும் பட்டாளக் கணக்கில் ஒரு வரி உண்டு. சிலர்க்குக் கல்லறையும் உண்டு. அப்பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமந்தவரும், குதிரைக்குப் புல் அறுத்தவரும், சுற்றுப்புறச் சிற்றூர்களில் ஏர் பிடித்தவரும் இறந்தபோது அதனை எழுதிவைப்பார் பெரும்பாலும் இலர். எழுதப்படாத சாவைப் பற்றி எவரும் கேள்வி கேட்பதில்லை. இவ்வுண்மையை உணர்ந்து, எழுதச் செய்து, எழுதியதைக் கூட்டிப் பார்த்து, பின் அஞ்சாது கேள்வியும் கேட்டவர் நம் அம்மையார்.

அவர் 1820 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரிற் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே பிள்ளையின் பெயராயிற்று. பெற்றோர் ஆங்கிலேயர், பெருஞ்செல்வர். தந்தையார் தம் இரு புதல்வியருக்கும் தாமே ஆசிரியராகிக் கிரேக்கமும் இலத்தீனும் வரலாறும் கற்பித்தார். இளையவராகிய பிளாரன்ஸ் கணிதத்தின்மீது தணியாத வேட்கை கொண்டார். செல்வர் வீட்டுப் பெண்ணுக்குப் பின்னலும் பாட்டும் விருந்தோம்பலும் போதாவோ, எண்கள் எதற்கு என்பது அக்காலத்தார் எண்ணம். தாயாரின் எண்ணமும் அதுவே.

1837 ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில், பதினேழு வயது நிரம்புமுன், தம்மைக் கடவுள் தமது தொண்டுக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். ஆனால் அத்தொண்டு யாதென்பது உடனே விளங்கவில்லை. நோயாளிகட்குப் பணிபுரிதலே அது என்று தெளிந்தபின்னும் வீட்டார் விடை தரவில்லை. அந்நாளில் மருத்துவமனைச் செவிலியர் தொழில் இழிந்ததாகக் கருதப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் அவர் பொறுத்திருந்தார். விடியுமுன் எழுந்து, மருத்துவமனை அறிக்கைகளையும் சுகாதார நூல்களையும் வரவழைத்துப் படித்துக் குறிப்பெடுத்தார். 1851 ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுக் கெய்சர்ஸ்வெர்த் என்னும் ஊரில், பிளீத்னர் போதகர் நிறுவிய கிறிஸ்தவ ஊழியப் பெண்களின் இல்லத்தில் சில மாதம் தங்கிப் பயின்றார். 1853 இல் லண்டனில் ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

அடுத்த ஆண்டு கிரீமியப் போரில் இங்கிலாந்து இறங்கிற்று. காயமுற்ற ஆங்கிலச் சிப்பாய்கள் துருக்கி நாட்டு ஸ்குட்டாரி மருத்துவமனையில் பராமரிப்பாரின்றித் துன்புறும் செய்தி லண்டனை எட்டிற்று. போர்த்துறை அமைச்சராயிருந்த சிட்னி ஹெர்பர்ட் பிரபு அம்மையாரின் நண்பர். அவர் வேண்டுகோளின்படி 38 செவிலியருடன் புறப்பட்டு 1854 நவம்பர் மாதத் தொடக்கத்தில் அம்மையார் ஸ்குட்டாரியை அடைந்தார். அங்கு அவர் ஆற்றிய பணியை ஈண்டு விரிப்பிற் பெருகும். உணவும் உடையும் தூய்மையும் ஒழுங்கும் அவரால் வந்தன. விளக்கேந்திய மாது என்னும் பெயரும் வந்தது.

ஆயினும் அவ்வரலாற்றில் பாடநூல்கள் மெல்லக் கடந்துபோகும் ஒரு பகுதி உண்டு. அம்மையார் வந்த பின்னரும் சாவு குறையவில்லை, ஏறிற்று. 1855 பெப்ரவரியில் அங்குச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் மாண்டனர். மார்ச்சு மாதத்தில் அரசாங்கம் அனுப்பிய சுகாதாரக் குழுவினர் வந்து பார்த்தனர். அவ்வழகிய கட்டடத்தின் அடியில் சாக்கடைகள் அடைபட்டுத் தேங்கி நின்றன. குடிநீர் வரும் வாய்க்காலில் ஒரு குதிரையின் பிணம் கிடந்தது. சாக்கடைகள் கழுவப்பட்டன; சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன; காற்றுக்கு வழி திறக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு இரண்டு என்னும் அளவுக்கு இறங்கிவிட்டது.

1856 இல் ஊர் திரும்பிய அம்மையாரை நாடே கொண்டாடக் காத்திருந்தது. அவரோ எந்தக் கொண்டாட்டத்துக்கும் செல்லாமல் ஏடுகளைத் திறந்து அமர்ந்தார். இங்கிலாந்தில் 1837 முதல் பிறப்பும் இறப்பும் முறையாகப் பதியப்பட்டு வந்தன. அப்பதிவு அலுவலகத்தின் கணக்கறிஞராகிய டாக்டர் வில்லியம் ஃபார் அவருக்குத் துணை நின்றார். போர்க்காலக் கணக்குகளை மாதம் மாதமாகப் பிரித்துக் கூட்டியபோது, நோயால் மாண்டோர் தொகை காயத்தால் மாண்டோர் தொகையைப் பன்மடங்கு மிஞ்சி நின்றது. அந்நோய்களுட் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. தம் கண்முன், தம் பராமரிப்பில் இறந்தோரும் அக்கணக்கில் அடங்குவர். தம்மைப் புகழும் உலகின் முன், தாம் பணிபுரிந்த மருத்துவமனையே சாவுக்குக் காரணமாயிருந்தது என்று காட்டும் எண்களை மறைக்காது வெளியிடுதல் எளிதோ? அம்மையார் வெளியிட்டார். அவரது வாழ்வில் விளக்கேந்திய இரவுகளினும் பெரிய துணிவு இதுவே என்று எமக்குத் தோன்றுகிறது.

எண்களை அட்டவணையாகத் தந்தால் அமைச்சர் படியார் என்பது அவருக்குத் தெரியும். ஆதலின் 1858 இல் ஒரு வட்டப் படம் வரைந்தார். ஆண்டின் பன்னிரு மாதமும் பன்னிரண்டு பிரிவாக விரிந்தன. தடுக்கக்கூடிய நோயால் வந்த சாவு நீலம், காயத்தால் வந்தது சிவப்பு, பிற காரணத்தால் வந்தது கறுப்பு. நீலம் படத்தை நிறைத்து நின்றது. கல்லாதானும் ஒருமுறை நோக்கின் உணரலாம். அவ்வாண்டே லண்டன் புள்ளியியற் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. அப்பேறு பெற்ற முதற் பெண்மணி அவரே. அதற்குள் அவர் உடல் நலிந்துவிட்டது. 1857 முதல் பல்லாண்டுகள் அறைக்குள்ளேயே, பெரும்பாலும் படுக்கையிலேயே அவர் வாழ நேர்ந்தது. அவ்வறையினின்றே நம் நாட்டின்பால் அவர் பார்வை திரும்பிற்று.

1857 இல் நிகழ்ந்த பெருங்கலகத்தின்பின் இந்தியாவில் வெள்ளைப் பட்டாளங்கள் மிகுந்தன. அவர்தம் நலத்தை ஆராய 1859 இல் ஓர் அரச கமிஷன் அமைந்தது. கமிஷனின் உறுப்பினர் பட்டியலில் அம்மையார் பெயர் இல்லை. ஆனால் வேலையிற் பெரும்பகுதி அவருடையது. இந்தியாவிலுள்ள பட்டாள நிலையங்களுக்கெல்லாம் அனுப்புதற்கென ஒரு நீண்ட வினாத்தாள் ஆயத்தமாயிற்று. ஊரின் நிலம் எத்தகையது? வெயிலும் மழையும் காற்றும் எவ்வாறு? குடிநீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர்? என்ன நோயால் எத்தனை பேர் இறந்தனர்? இறந்தோரை எங்கே புதைக்கின்றனர்? இவ்வாறு வினாக்கள் தொடர்ந்தன. வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணங்களினின்றும் விடைகள் வண்டி வண்டியாய் வந்து அம்மையாரின் அறையை நிறைத்தன. நம் பரங்கிமலையின் விடையும் அவற்றுள் ஒன்று. இந்தியாவில் ஒருநாளும் கால் வையாத ஒருவர், நம் ஊர்க் கிணற்றையும் சாக்கடையையும் லண்டனிற் படுக்கையிலிருந்தபடியே ஆராய்ந்த விந்தையை என்னென்பது!

1863 இல் ஏறக்குறைய ஈராயிரம் பக்கங்களில் கமிஷனின் அறிக்கை வெளிவந்தது. இந்தியாவில் வெள்ளைச் சிப்பாய்களுள் ஆண்டுதோறும் ஆயிரவருக்கு 69 பேர் இறந்துவந்தனர் என்பது அதன் தலையாய முடிவு. அதுகாறும் இதற்கு எல்லாரும் கூறிய காரணம் ஒன்றே: வெயில். இந்நாட்டுத் தட்பவெப்பம் ஐரோப்பியருக்கு ஒவ்வாது, ஆதலால் சாகின்றனர், செய்வதற்கு ஒன்றுமில்லை என்பர். வெயிலின்மேற் பழி போட்டால் எவரும் பொறுப்பேற்க வேண்டுவதில்லை அன்றோ? சென்னையில் நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தார் 1796 முதலே வெப்பத்தையும் காற்றின் அழுத்தத்தையும் குறித்து வந்தனர். அத்தகைய வானிலைக் கணக்கு ஒருபுறமும் மரணக் கணக்கு ஒருபுறமும் இருப்பின், இரண்டையும் ஒப்பிட்டு நோக்கலாம். ஒரே வெயிலில் ஓர் ஊரிற் சாவு மிகுகிறது. ஓர் ஊரிற் குறைகிறது. வேறுபாடு வானத்தில் இல்லை. கிணற்றிலும் சாக்கடையிலும் நெருக்கமான படுக்கையிலும் உளது. அம்மையாரின் வாதம் இதுவே. வெப்பம் அழுக்கைக் கொடியதாக்கும். ஆனால் அழுக்கை வைத்தவர் மனிதர்.

அறிக்கையின் பயனாக 1864 இல் மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. சென்னைக் கமிஷனின் தலைவரான எல்லிஸ் துரை அம்மையாருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். அக்கமிஷன்களின் வழியே சுகாதாரக் கமிஷனர் என்னும் பதவி பின்னர் நிலைத்தது. ஊர்தோறும் பிறப்பையும் இறப்பையும் நோயையும் தொகுத்து ஆண்டறிக்கை வெளியிடுவது அவர் கடமையாயிற்று. பத்தாண்டு கழித்து அம்மையார் மீண்டும் கணக்குப் பார்த்தபோது, சிப்பாய்களின் சாவு ஆயிரவருக்கு 18 என்னும் அளவுக்கு வந்திருந்தது.

நிற்க. சிப்பாய் பிழைத்தான், குடியானவன் என்ன ஆனான்? இவ்வினா அம்மையாரை விடவில்லை. தொடக்கத்தில் அவர் கவலை முழுதும் தம் நாட்டுச் சிப்பாய்களைப் பற்றியதே என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பட்டாளத்தைச் சுற்றிலும் உள்ள ஊர் நோயிற் கிடக்கையில் பட்டாளம் மட்டும் நலமாயிராது என்பதை வினாத்தாள்களே அவருக்குக் கற்பித்தன. மெல்ல மெல்ல அவர் பார்வை பாசறையின் மதிலைத் தாண்டிச் சிற்றூர்களுக்குச் சென்றது. நீர்ப்பாசனத்தைப் பற்றிச் சர் ஆர்தர் காட்டன் துரையுடன் கலந்தெழுதினார். குடியானவரின் கடன் சுமையையும் நிலவரி முறையையும் ஆராயத் தலைப்பட்டார்.

அந்நிலையில் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை சென்னை மாகாணமும் மைசூரும் பம்பாய் மாகாணத்தின் தென்பகுதியும் பசியால் துடித்தன. இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக 1877 தொடக்கத்தில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைக்கும்பொருட்டு, நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று விதித்தார். சென்னையின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ் அதனை வன்மையாய் எதிர்த்தார். 1871 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் அறிக்கையை எழுதியவர் அவரே. இம்மாகாண மக்களின் பிறப்பும் இறப்பும் அவர் கைவிரலில் இருந்தன. சிறையிற் கடுவேலை செய்யும் கைதி பெறும் உணவினும் இது குறைவு என்றும், ஒன்றரை ராத்தல் தானியமும் அதனுடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றும் அவர் கணக்குக் காட்டி வாதாடினார். நிவாரண முகாம்களின் மரணக் கணக்கே அவர் பக்கத்துச் சாட்சி. அவ்வாண்டிலேயே சென்னை அரசாங்கம் அவர் கேட்டதில் ஒரு பகுதியையேனும் அளித்தது. இன்று அடையாற்றங்கரையிற் பக்கிங்காம் கால்வாயைக் காண்போர், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அப்பகுதி பஞ்சத்தில் நலிந்த கைகள் வெட்டியது என்பதை நினைவு கூர்தல் தகும்.

பசித்தவர் ஊர் ஊராய் அலைந்து வழியிலே விழுந்தனர். எந்த ஊர்க் கணக்கன் அவரைத் தன் ஏட்டில் எழுதுவான்? பஞ்சம் பாதித்த நிலப்பரப்பு முழுவதிலும் மாண்டோர் தொகை ஐம்பது லட்சத்துக்கு மேல் என மதிப்பிடுவர். 1871 இல் மூன்று கோடியே பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்டிருந்த சென்னை மாகாண மக்கள்தொகை 1881 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் குறைந்து காணப்பட்டது. பத்தாண்டிற் பெருகியிருக்க வேண்டிய தொகை அவ்வாறு தேய்ந்தது. ஏடு விட்டுவிட்டவரையும் அந்தக் குறைவு காட்டிக் கொடுத்தது.

லண்டனில் அம்மையார் இச்செய்திகளைப் படித்து வருந்தியதோடு அமையவில்லை. 1878 இல் இந்திய மக்களைப் பற்றி ஒரு நெடுங்கட்டுரை எழுதி வெளியிட்டார். மழை பொய்த்தது இயற்கை. மக்கள் மாண்டதற்கு அது மட்டும் காரணமோ என்று அதில் ஆராய்ந்தார். கடனும் நிலமின்மையும் பாசனக் குறைவும் மக்களை முன்னரே தின்றுவிட்டன என்று காட்டினார். முன்னே வெயிலின்மேற் போட்ட பழியை ஏற்காதவர், இப்போது மழையின்மேற் போட்ட பழியையும் ஏற்கவில்லை. இதன்பின் ரிப்பன் பிரபுவின் சீர்திருத்தங்களை ஆதரித்தார். தாதாபாய் நௌரோஜி, மலபாரி முதலிய இந்தியப் பெரியோருடன் நட்புக் கொண்டார். முதுமையிலும் சிற்றூர்ச் சுகாதாரத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார்.

அவரிடம் குறையே இல்லை என்று கூறோம். தொற்றுநோய் கண்ணுக்குப் புலப்படா நுண்ணுயிரால் பரவும் என்னும் கொள்கையை அவர் நெடுங்காலம் ஏற்கத் தயங்கினார்; அழுகலும் நாற்றமுமே நோயின் மூலம் என்று நம்பினார். ஆனால் காரணத்திற் சிறிது பிழைத்தும் மருந்திற் பிழைத்தாரல்லர். நல்ல நீரும், ஓடும் சாக்கடையும், காற்றோட்டமும் அவர் கேட்டவை. அவை நுண்ணுயிரையும் வெல்லும். அவரது கொள்கை தவறியவிடத்தும் அவரது கணக்கு தவறவில்லை.

சென்னை மாகாணத்தில் 1899 ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியா முழுவதற்கும் 1969 ஆம் ஆண்டுச் சட்டமும் பிறப்பு இறப்புப் பதிவை நிலைநாட்டின. இன்று நாம் கல்லூரியிற் சேரும்போது கேட்கப்படும் பிறப்புச் சான்றிதழை ஒரு வெற்றுத்தாளாகவே எண்ணுகிறோம். இப்பூமியில் இன்னார் வந்தார் என்று அரசு ஒப்புக்கொண்ட முதற் சொல் அதுவே. இன்னார் போனார், இன்ன காரணத்தாற் போனார் என்று எழுதும் கடைச்சொல்லும் அத்தகையதே. கிறிஸ்தவராகிய நமக்கு இது புதிதன்று. நம் ஆண்டவர் பெத்லகேமிற் பிறந்தது ஒரு குடிமதிப்பின் காலத்திலேயே. பேரரசன் வரிக்காக எண்ணினான். கடவுளோ அன்புக்காக எண்ணுகிறார். ஒரே எண் ஆளும் கருவியாகவும் ஆகலாம். காக்கும் கருவியாகவும் ஆகலாம். எண்ணுவாரின் உள்ளமே அதனை முடிவுசெய்கிறது.

1907 இல் அரசர் வழங்கும் தகுதிப் பதக்கத்தைப் பெற்ற முதற் பெண்மணி என்னும் சிறப்பு அம்மையாருக்கு வந்தது. அப்பொழுது அவர் கண்ணொளியும் நினைவும் மங்கியிருந்தன. 1910 ஆகஸ்டு மாதம் 13 ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், உறக்கத்தில் உயிர் நீத்தார். மன்னர்களும் புலவர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்ய அரசாங்கம் முன்வந்தது. உறவினர் அவரது விருப்பத்தை உணர்ந்து அதனை ஏற்கவில்லை. பெற்றோர் துயிலும் சிற்றூர்க் கோயிலின் முற்றத்தில் அவர் உடல் வைக்கப்பட்டது.

அக்கல்லில் புகழுரை ஏதும் இல்லை. அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகள், பிறந்த நாள், இறந்த நாள் இவ்வளவே. எண்ணற்ற மனிதரின் பிறப்பும் இறப்பும் எழுதப்பட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் போராடியவர், தமக்கு அவ்வளவே போதும் என்று கொண்டார். பரங்கிமலையையும் பல்லாவரத்தையும் ரயிலிற் கடக்கும்போது, கல்லறை உடையோரையும் இல்லாதோரையும் நாம் ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக. மருத்துவராகவோ, அலுவலராகவோ, ஆசிரியராகவோ நாளை ஓர் ஏடு நம் கையிற் கொடுக்கப்படலாம். அதில் ஒரு பெயரையும் விடாமல் எழுதுதலே அம்மையாருக்கு நாம் ஏற்றும் விளக்காகும்.